உங்கை என்று எழுதிய போத்தல்

1

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை அலுமாரிகளைத் திறந்து பார்ப்பார்கள். கல், மண், தூள் எதுவானாலும் அதற்கு ஒரு படிவம் இருக்கவேண்டும். எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது. படிவம் இல்லாத எதற்கும் அங்கே இடமில்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னையும் ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள், ஆழத்தைத் தவிர.

போன திங்கட்கிழமை என் மேலாளர் ஹெல்கா பின்தட்டிலிருந்து மூன்று கறுப்புப் போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தார். பிலிம் றோல் போட்டு வருமே, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடதாசித் துண்டு, அதில் பேனையால் ஒரு சொல்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ்."

"என்ன எழுதியிருக்கிறது?"

இங்கை, உங்கை, அங்கை. முதலாவதையும் கடைசியையும் சொல்லிவிட்டேன். நடுவில் உள்ளதற்கு எனக்கு ஜெர்மன் சொல் கிடைக்கவில்லை. கையைக் காட்டி விளங்கப்படுத்தினேன். இங்கை என்றால் கதைக்கிற எனக்குப் பக்கத்தில். அங்கை என்றால் இரண்டு பேருக்கும் தூரத்தில். உங்கை என்றால் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்குப் பக்கத்தில்.

ஹெல்கா யோசித்தார். "அப்படியென்றால் கதைக்கிற ஆள் மாறினால் இடமும் மாறிவிடுமா?"

"ஓம்" என்றேன். தமிழில் சொன்னது எனக்கே பிறகுதான் விளங்கியது.

"அப்போது இது இடத்தின் பெயர் இல்லை" என்று சொல்லிவிட்டு, மூன்று படிவம் எடுத்து, மூலம் என்ற கட்டத்தில் மூன்றிலும் 'தெரியாது' என்று எழுதினார். மூன்றும் எங்கள் ஊர் உரும்பிராயில், எங்கள் வீட்டு வளவிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் எடுத்த மண். அந்த இடங்களில் நான் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரிலிருந்து பலர் கேட்டு எழுதுகிறார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு வண்டி போகப்போகிறது. ஆளில்லாத வண்டி, ஆறு சில்லு, ஒரு ஆட்டுக்குட்டி அளவு. அங்கே இறங்கி ஊர்ந்து போய், மண்ணிலும் கல்லிலும் மூக்கை வைத்து அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். அந்த மூக்குத்தான் எங்கள் கருவி. பால் குடிக்கும் ஒரு மூக்குப்பேணியை விடப் பெரிதில்லை.

அதற்குள் கியூரியம் என்ற உலோகம் கொஞ்சம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளை மண்ணின் மேல் எறிந்துகொண்டே இருக்கும். சில முட்டித் திரும்பி வரும். சில மண்ணைத் தட்டி எழுப்பி அதிலிருந்து கதிர் வரச்செய்யும். திரும்பி வருகிறவற்றை எண்ணி எண்ணி, இரும்பு இவ்வளவு, சிலிக்கன் இவ்வளவு, கல்சியம் இவ்வளவு என்று கணினியில் மலைமலையாக ஒரு கோடு விழும். ஒரு மண்ணைப் பார்த்து முடிக்கப் பத்து மணித்தியாலம் எடுக்கும். இங்கே எங்கள் வேலை அதற்குப் பழக்கம் கொடுப்பது. ஒவ்வொரு மண்ணாக இரும்புக் கூட்டுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அந்தக் கிரகத்தில் உள்ளது போல மெல்லிய கரியமில வாயுவை விட்டு, கதவை மூடிவிட்டுக் காத்திருப்போம். கூட்டுக்குள் ஒன்றும் அசையாது. திரையில் இலக்கம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். யாரோ உள்ளே இருந்து மிக மெதுவாக எண்ணுவது போல இருக்கும். எனக்கு இன்னும் அது பழகவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். இந்தக் கருவி ஆழம் பார்க்காது. முன்னால் இருக்கும் மண்ணின் தோலை மட்டும் பார்க்கும், அதுவும் தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்குதான். அதற்குக் கீழே என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டி வாசித்தவன் நான். அப்பா கைநாட்டு. வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தவர். உயர்தரத்துக்கு இரசாயனம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது கிணற்றுத் துலாவில் ஏறி நின்றபடி கேட்டார்: "மண்ணுக்குள்ளை என்ன கிடக்கெண்டு அறியப் பள்ளிக்கூடம் வேணுமே? குந்தியிருந்து பாத்தால் தெரியாதே?"

"தெரியாது, அப்பா."

"எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியாட்டிப் போய்ப் படி."

3

நான் எண்பத்து நாலில் வெளிக்கிட்டவன். அப்பா இல்லாமற் போனது எண்பத்தேழில், சண்டை எங்கள் ஊருக்குள் வந்த கிழமையில். சனம் எல்லாம் கோயிலில் போய் இருந்தார்கள். அப்பா, "மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன்" என்று சொல்லிப் போனார். மாடு வந்தது.

சனம் வீடு திரும்பிய பிறகு மூன்று பேர் அம்மாவிடம் வந்து மூன்று இடம் சொன்னார்கள். எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு ஆளை மண் போட்டு மூடினதாக ஒருவர். பக்கத்து வளவுப் புகையிலைத் தோட்டத்தில், வேலியோரம் என்று இன்னொருவர். ஒழுங்கைக்கு அப்பால் பனங்காணியில் என்று மூன்றாமவர். செல் விழுந்துகொண்டிருந்ததால் அள்ளி மூடிவிட்டு ஓடினோம், முகம் பார்க்கவில்லை என்றுதான் மூன்று பேரும் சொன்னார்கள். மூன்று பேர் மூன்று இடம் சொன்னால் இரண்டு பேர் சொன்னது பிழை என்று நான் இங்கிருந்து கணக்குப் போட்டேன்.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. செத்தவீடு செய்யவில்லை. என் தங்கச்சி பருத்தித்துறையில் கலியாணம் முடித்திருக்கிறாள். "குண்டு போடுற பொம்பர் சுத்துது, இஞ்சை வந்து இருங்கோ அம்மா" என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டாள். அம்மா அசையவில்லை. அவர் கிடக்கிற இடம் தெரியாமல் வளவை விட்டு வரமாட்டேன் என்றா. அப்படியென்றால் மூன்று இடத்தையும் கிண்டிப் பார்த்தால் என்ன என்று நான் ஒருமுறை எழுதினேன். மறுமொழி ஒரு வரியில் வந்தது: "மூண்டையும் கிண்டி, மூண்டிலையும் அவர் இல்லையெண்டால் நான் என்ன செய்யிறது?"

அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் வந்ததை வாசித்துக் காட்டியதும் பக்கத்து வளவு வசந்தி. சண்டை நடந்தபோது பத்து வயதுப் பிள்ளை, இப்போது உயர்தரம் படிக்கிறாள். அவளின் அண்ணன் சிவாவும் அதே கிழமையில்தான் காணாமற் போனான். அவனுக்குப் பதினெட்டு வயது. அவர்களின் தாய் பரமேசு மாமி, அவன் தப்பி வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறா. மற்றவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

4

போன வருடம் மாசியில் தவம் அண்ணை வந்து சேர்ந்தார். எங்கள் ஊர்க்காரர், படம் பிடிக்கும் கடை வைத்திருந்தவர். கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியா, கொழும்பு என்று மாறி மாறி, கடைசியில் என் அறைக் கதவைத் தட்டினார். தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் பையிலிருந்து அந்த மூன்று போத்தல்களையும் எடுத்து வைத்தார்.

"உன்ரை கொம்மா தந்து விட்டவ. மண்."

"மண்ணோ?"

"ஓம். வழியெல்லாம் உதுக்குப் பதில் சொல்லி என்ரை சீவன் போச்சுது. வவுனியாவிலை ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பாத்திட்டு, 'மொக்கத மே?' எண்டான், இதென்னவாம். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் ரெண்டு சொல்லு. 'பெஹெத்' எண்டன். மருந்தெண்டால் தின்னு பாப்பம் எண்டு கையைக் காட்டினான்."

"பிறகு?"

"பிறகென்ன, ஒரு விரல் எடுத்து நக்கினன். நல்ல மருந்து எண்டு தலையையும் ஆட்டினன். இப்ப நான் பேதி குடிக்காமல் இருக்கிறன் பாத்தியே, உந்த மருந்தாலைதான்."

சிரித்தோம். போத்தல்களோடு வந்த கடிதத்தைப் பிரித்து உரக்க வாசித்தேன். வசந்தியின் கையெழுத்து, அம்மாவின் குரல்.

"தம்பி, நீ மண்ணைப் பாத்து என்ன இருக்கெண்டு சொல்லுற உத்தியோகம் பாக்கிறாயாம். மூண்டு இடத்து மண்ணையும் என்ரை கையாலை அள்ளி அனுப்பிறன். கொப்பர் எதுக்குள்ளை இருக்கிறார் எண்டு பாத்துச் சொல்லு. நீ சொன்னால் நான் ஒருக்காக் கிண்டுவன். பிறகு நீங்கள் சொல்லுற இடத்துக்கு வந்து இருக்கிறன்."

கீழே பரமேசு மாமியும் இரண்டு வரி சொல்லி எழுதுவித்திருந்தா. "சிவா உங்கைதான் எங்கையோ நிக்கிறான். கண்டால் ஒரு கடிதம் போடச் சொல்லு, தம்பி."

தவம் அண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு மண் என்று தெரியும், எதற்கு என்று தெரியாது. போத்தல்களைப் பார்த்தார்.

"எந்தப் போத்தலிலை நக்கினீங்கள், அண்ணை?"

"தெரியேல்லையடா" என்றார். எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்தார். தண்ணீர் ஓடும் சத்தம் கனநேரம் கேட்டது.

5

எந்த இடத்து மண் எந்தப் போத்தல் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அம்மா எங்கள் வீட்டில் இருந்து வசந்தியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறா. இங்கை என்றால் எங்கள் கிணற்றடி. உங்கை என்றால் வசந்தி வீட்டுப் புகையிலைத் தோட்டம். அங்கை என்றால் பனங்காணி.

போத்தலைக் காணாமல், தட்டில் கொட்டியிருந்த மண்ணை மட்டும் பார்த்து, எந்த மண் வைத்தாலும் கருவிக்குப் பழக்கம்தான் என்று ஹெல்கா அனுமதி தந்தார். ஜெர்மன் மொழியில் மண்ணுக்கும் பூமிக்கும் ஒரே சொல். "எங்கே எடுத்தது?" என்று கேட்டதற்கு நான் ஏதோ உளற, அவர் விளங்கியது "பூமியில் எடுத்தது" என்று. "நல்லது, அதில் சந்தேகம் வரும் அளவுக்குச் சிவப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு போத்தல். நான் தேடியது பொசுபரசு. எலும்பில் இருப்பது கல்சியமும் பொசுபரசும். எங்கள் ஊரில் கல்சியத்தை நம்ப ஏலாது, தோட்டத்துக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஆகவே பொசுபரசு. அது பெரிய சிலிக்கன் மலைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். இருக்கிறது என்றால் மலைக்கு ஒரு தோள் முளைத்தது போலத் தெரியும்.

இங்கை: இரும்பு, அலுமினியம், சிலிக்கன். தோள் இல்லை. அங்கை: இல்லை. மூன்றாம் நாள் உங்கை. காலையில் கதவை மூடினேன். மத்தியானம் கன்டீனில் சாப்பிட்டு வந்து பார்த்தபோது தோள் தொடங்கியிருந்தது. பின்னேரம் அது தெளிவாக நின்றது. கூட்டின் சின்னக் கண்ணாடியால் உள்ளே பார்த்தேன். ஒரு தேக்கரண்டிச் செம்மண். கருவி அதன் மேல் முகம் குப்புறக் கிடந்தது.

புகையிலைக்கு ஆட்டெரு போடுவார்கள். அதிலும் பொசுபரசு உண்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். ஏழு வருடமாக ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பவரிடம், இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று எப்படி எழுதுவது? கடிதத்தை வாசிக்கப்போவது வசந்தி. உங்கள் தோட்டத்தில் பிணம் என்று அந்தப் பிள்ளையின் வாயாலேயே வாசிக்க வைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே இடத்தின் பெயரை விட்டுவிட்டு, போத்தலில் இருந்த சொல்லை எழுதினேன்.

"அம்மா, மூண்டையும் பாத்தனான். அப்பா உங்கைதான் இருக்கிறார்."

தபாலில் போட்டு இரண்டு நாளுக்குப் பிறகு, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த வசனம் அம்மாவின் காதில் எப்படி விழும் என்று திடீரென்று விளங்கியது. அந்தச் சொல்லை அம்மா சொன்னால் வசந்தி வீடு. நான் சொன்னால் அம்மா இருக்கிற இடம். பத்து வருடமாக நான் யாரையும் பார்த்து உங்கை என்று சொன்னதில்லை. சொல்வதற்கு இங்கே ஆள் இல்லை. பாவிக்காமல் வைத்திருந்த சொல் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை மறந்துவிட்டேன்.

ஊரில் தொலைபேசி இல்லை. திருத்திக் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேரவேயில்லை.

6

மறுமொழி ஐப்பசியில் வந்தது.

"தம்பி, நீ சொன்ன இடத்திலைதான் இருந்தவர். நல்ல நாள் பாத்து, கிணத்தடிக்குப் பின்னாலை கிண்டுவிச்சனான். ரெண்டரை முழத்துக்குக் கீழை. இடது கை எலும்பு வளைஞ்சு பொருந்திக் கிடந்தது. துலாவாலை விழுந்து முறிஞ்ச கைதான், நான் பத்துப் போட்ட கை எனக்குத் தெரியாதே? எரிச்சு, சாம்பலைக் கடலிலை கரைச்சாச்சு. நான் நாளைக்குப் பருத்தித்துறைக்குப் போய்த் தங்கச்சியோடை இருக்கப்போறன். படிச்ச பிள்ளையைப் பெத்ததுக்கு எனக்கு இது காணும்."

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இங்கை என்ற போத்தலில் ஒன்றும் இருக்கவில்லை. நான் கண்ணால் பார்த்தது. இரண்டரை முழம் ஆழத்தில் ஒருவர் கிடந்தால் மேல் மண்ணுக்குத் தெரியாது, சரி. நான் பிழையாகச் சொன்னேன், அம்மா பிழையாக விளங்கினா, அப்பா அங்கேதான் இருந்தார். இதில் எனக்குச் சந்தோசப்படவேண்டும் போல இருந்தது. படவில்லை. தோள் முளைத்தது வேறு போத்தலில்.

தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் வசந்தி தானாக எழுதியிருந்தாள்.

"அண்ணை, இது உங்கடை அம்மா சொல்லி எழுதினதில்லை. போத்தலிலை உங்கை எண்டு ஒட்டினது நான்தான். அது எங்கடை தோட்டம். உங்கடை கடிதத்தை வாசிக்கேக்கை எனக்கு விளங்கினது. உங்கடை அம்மா தன்ரை வளவெண்டு நினைச்சு எழும்பிட்டா. எங்கடை தோட்டமெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஒரு கிழமையாய் நித்திரையில்லை. பிறகு உங்கடை அப்பாவைக் கிணத்தடியிலை கண்டெடுத்தினம். அப்ப எங்கடை போத்தலிலை நீங்கள் கண்டது என்ன? எங்கடை அம்மா, சிவாண்ணை உங்கை நிக்கிறான் எண்டு இப்பவும் சொல்லிக்கொண்டிருக்கிறா. எனக்கு மட்டும் எழுதுங்கோ."

7

ஒரு மண்ணை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது. இதை முதல் வருட மாணவனுக்கே சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்து மண்ணையும் பார்க்கவேண்டும். அம்மா கேட்டபோது நான் மகனாக இருந்து பார்த்தேன். வசந்திக்கு அப்படிச் செய்ய எனக்கு உரிமையில்லை.

அவளுக்கு ஒரு தாள் எழுதினேன். ஆட்டுப்பட்டி ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் இடம் மாற்றி அடைத்து, தோட்டம் முழுக்க எரு விழுத்துவார்கள். ஆகவே கண்டது ஆட்டெரு என்றால் தோட்டத்தின் நாலு பக்கத்து மண்ணிலும் அது இருக்கும். நாலு மூலையிலும் கொஞ்சம் அள்ளி அனுப்பும். இன்ன மூலை என்று திசை போட்டு எழுதும். நாலிலும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இல்லாவிட்டால் என்ன என்பதை நான் எழுதவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

கடிதம் போவதற்கும் மண் வருவதற்கும் மாதக்கணக்கானது. இந்த வருடம் கொஞ்சக் காலம் சண்டை நின்றிருந்தபோது யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு கலியாணத்துக்கு இந்தப் பக்கம் வந்த குடும்பம் ஒன்று கொண்டுவந்தது. அவர்கள் தங்கியிருந்த மகளின் வீட்டுக்கு நான் போனபோது கதவைத் திறந்த அவர்களின் பேத்தி, இங்கே பிறந்த பிள்ளை, போத்தலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு ஜெர்மனில் கேட்டாள்: "உள்ளே யார்?" என்ன என்று கேட்கவேண்டியதை யார் என்று கேட்டுவிட்டாள். தாய் திருத்தினா. பிள்ளை சிரித்தது.

வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு. அதே கையெழுத்து, இப்போது கொஞ்சம் முற்றியிருந்தது. ஹெல்கா அலுமாரி பார்த்த அன்று அந்த நாலும் என் பையில் இருந்தன. இவற்றுக்கு நானே படிவம் எழுதினேன். இடம்: உரும்பிராய். ஆழம்: ஒரு சாண். எடுத்தவர்: ஒரு மாணவி.

செவ்வாயன்று வடக்கு. பத்து மணித்தியாலம். தோள் இல்லை. கருவியில் பிழையோ என்று, பொசுபரசு உள்ள ஒரு தெரிந்த கல்லை வைத்துப் பார்த்தேன். உடனேயே காட்டத் தொடங்கியது. கருவி சரி. வியாழன் கிழக்கு. இல்லை. வெள்ளி தெற்கு. ஆட்டெரு தெற்கு மூலையில்தான் குவித்து வைப்பது வழக்கம், அதில் கட்டாயம் வரும் என்று திரைக்கு முன்னால் சாப்பிடாமல் இருந்தேன். இல்லை. அந்தத் தோட்டத்தில் பட்டி அடைத்துக் கனகாலமாகியிருக்கவேண்டும். ஆண்பிள்ளை இல்லாத வீடு.

இன்று சனிக்கிழமை. கட்டிடத்தில் வேறு யாரும் இல்லை. விடிந்ததும் வந்து மேற்கை வைத்தேன். பின்னேரம் ஐந்து மணிக்கு எண்ணிக்கை நின்றது. இரும்பு, அலுமினியம், சிலிக்கன், கொஞ்சம் கல்சியம். சிலிக்கன் மலையின் சரிவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கோட்டைப் பெருப்பித்துப் பார்த்தேன். திரும்பவும் பெருப்பித்துப் பார்த்தேன். பிறகு காற்றைத் திறந்து விட்டேன். கூடு ஒரு நீண்ட மூச்சு இழுத்தது.

நாலையும் அச்செடுத்து, உங்கையையும் அச்செடுத்து, ஐந்து தாளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். தோள் இருந்தது ஒன்றில் மட்டும். ஹெல்காவின் பேனை கிடந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

"அன்புள்ள தங்கச்சி வசந்தி, இதை உம்மடை அம்மா பக்கத்திலை இல்லாத நேரமாய்ப் பாத்து வாசியும்."